உங்களுக்குத் தெரியுமா? சாவு பக்கத்தில் வந்தால் மனிதர்கள் எதைப் பேசுகிறார்கள்!

சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தவர் என்ன பேசுவார்? பயம், புலம்பல், அழுகை. அப்படித்தானே நினைக்கிறீர்கள்? 2017-ல் வெளியான ஓர் ஆய்வு அந்த நினைப்பைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டது!

அமெரிக்காவில் நடந்தது அது. புற்றுநோயாலும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயாலும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே எழுதிவைத்த குறிப்புகளை ஒரு பக்கம் வைத்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு, ‘உங்களுக்கு இன்னும் சில மாதம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்’ என்று எழுத வைத்ததை இன்னொரு பக்கம் வைத்தார்கள். சோகம் எந்தப் பக்கம் அதிகம் தெரியுமா? கற்பனை செய்தவர்கள் பக்கம்! நிஜ நோயாளிகளின் எழுத்தில் மகிழ்ச்சிச் சொற்கள்தான் கூடுதல். நாள் நெருங்க நெருங்க அவை இன்னும் கூடிக்கொண்டே போயின!

அதே ஆய்வில் டெக்சாஸ் மாநிலத்து மரண தண்டனைக் கைதிகளின் கடைசி வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கதை! இவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பப் பேசியது எதைப் பற்றி? குடும்பம். கடவுள்.

சரி, இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே ஒரு பெரிய ஏற்பாடு நமக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது, தெரியுமா? நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். திருவனந்தபுரம்!

அங்கே 2003-ல் தொடங்கப்பட்டது ‘பாலியம் இந்தியா’. தொடங்கியவர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். மயக்க மருந்து நிபுணர்! அறுவை சிகிச்சைக்கு ஆளைத் தூங்க வைக்கும் டாக்டர், விழித்திருப்பவரின் கடைசிப் பேச்சைக் கேட்க உட்கார்ந்துவிட்டார்!

2012-ல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுடைய பயிற்சி நிலையத்தைத் தன் கூட்டு மையமாக அறிவித்தது. எதற்காக? வலி நிவாரணம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்கான கொள்கைக்கும் பயிற்சிக்கும். 2018-ல் ராஜகோபாலுக்குப் பத்மஸ்ரீ!

அவரை இந்தப் பாதையில் திருப்பிய நிகழ்ச்சியை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாக்கில் புற்றுநோய் வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் வலி தாங்காமல் வந்தார். நரம்பில் ஓர் ஊசி. வலி போயே போச்சு! டாக்டருக்குப் பெருமை. அடுத்து எப்போது வர வேண்டும் என்று பேராசிரியர் கேட்டார். புற்றுநோயைக் குணப்படுத்த வழியில்லை என்ற உண்மை அந்தப் பேச்சில்தான் அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. அதுவரை யாருமே அவரிடம் சொல்லவில்லை! அன்று இரவே அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். வலியைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்பதுதான் ராஜகோபால் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். ஒரு மனிதரின் பேச்சு கேட்கப்படாமல் போனதிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது!

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தச் சின்ன விதைதான் இன்று கேரளம் முழுக்கப் பரவி நிற்கிறது!

வலியைத் தணித்து நோயாளிக்கு ஆதரவு தரும் இந்தக் கவனிப்புக்குப் பெயர் பாலியேட்டிவ் கேர். 2008-ல் அதற்கென்று தனிக் கொள்கையை அறிவித்தது கேரளம். இந்தியாவிலேயே முதல் மாநிலம்! அங்கே மொத்தம் 941 கிராமப் பஞ்சாயத்துகள். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கு நர்ஸ் போவது அங்கே பஞ்சாயத்தின் வேலை! தெருவிளக்கு மாட்டும் அதே பஞ்சாயத்து!

ஜனவரி 15 என்ன நாள்? நமக்குப் பொங்கல் களை கட்டியிருக்கும். கேரளத்தில் அன்றுதான் பாலியேட்டிவ் கேர் தினம்!

தொண்டர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டால் அசந்துபோவீர்கள். வெறும் 16 மணி நேரம்! அப்புறம் நர்ஸ்களோடு நான்கு நாள் வீடு வீடாகப் போய்ப் பழக்கம். மாணவர், மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி எது? எப்படிப் பேசுவது என்பதைவிட, எப்படிக் கேட்பது என்பது!

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காதில் விழுவது என்ன? பெரிய தத்துவமா? இல்லவே இல்லை! ‘பையனுக்கு ஃபீஸ் யார் கட்டுவாங்க?’ ‘கடனை அடைக்கணும்.’ ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.’ ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது.’ தமிழோ மலையாளமோ, பேச்சு ஒன்றுதான்!

அந்த ஃபீஸ் கவலை இருக்கிறதே, அதற்கும் பாலியம் இந்தியா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பெயர் ‘குட்டிக்கூட்டம்’. நோயாளிகளின் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம். அப்பாவின் மருந்துச் சீட்டில் மகளின் பள்ளிப் படிப்பும் சேர்ந்துவிட்டது! இப்படிப்பட்ட மருத்துவத்தை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்!’ நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் சதா கேட்கும் வாக்கியம் இது. இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? உள்ளே படுத்திருப்பவரும் பல நேரம் அதையேதான் சொல்வார். ‘வீட்டுல சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க!’ இருவருக்கும் தெரியும். இருவரும் நடிப்பார்கள். ஒருவருக்காக ஒருவர்! இந்தச் சுவரை மெதுவாக இடிப்பதற்கே டாக்டர்களுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது!

இந்தப் பேச்சைத் திருவனந்தபுரத்திலும் தமிழிலேயே கேட்கலாம். அங்கே இருக்கும் ஆர்.சி.சி. தெரியும்தானே? 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிக்காரர்களுக்கு அந்த மூன்றெழுத்தை விளக்க வேண்டியதே இல்லை. வரிசையில் நின்று பாருங்கள், காதில் பாதி தமிழ்தான் விழும்!

இப்போது ஒரு கணக்கு. நோயாளிக்கு எது முக்கியம் என்று டாக்டருக்குத் தெரியுமா? 2000-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டது. இந்தக் கண்டுபிடிப்பை நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

கடைசிவரை நினைவு தெளிவாக இருக்க வேண்டும் என்ற நோயாளிகள் 92 சதவீதம். அது முக்கியம் என்ற டாக்டர்கள்? 65 சதவீதம்தான்!

குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற நோயாளிகள் 89 சதவீதம். டாக்டர்கள் 58!

இன்னொன்று இருக்கிறது, அதுதான் உச்சம். கடைசிக் காலத்திலும் பிறருக்கு உதவியாக இருக்க வேண்டும் என்ற நோயாளிகள் எத்தனை சதவீதம்? 88! டாக்டர்களில் வெறும் 44. சரிபாதி! படுத்திருப்பவர் உதவி கேட்கத்தான் வாய் திறப்பார் என்று நாம் நினைக்கிறோம். அவரோ உதவி செய்ய ஏங்குகிறார்!

மருத்துவமனையில் சாகும் நிலையில் ஒருவர்கூட இல்லையாம்! 1960-களில் சிகாகோவில் டாக்டர் எலிசபெத் கூப்ளர் ராஸ், சாவை எதிர்கொள்ளும் நோயாளிகளிடம் பேச வேண்டும் என்று கேட்டபோது கிடைத்த பதில் இது. அத்தனை பெரிய மருத்துவமனையில்! அவர் விடவில்லை. தேடிப் பிடித்து 200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். 1969-ல் புத்தகம் வந்தது. சாவை எதிர்கொள்ளும் மனதைப் பற்றி உலகமே இன்றுவரை சொல்லும் ‘ஐந்து நிலைகள்’ அதில்தான் பிறந்தன!

வெறும் 500 பவுண்டில் ஓர் இயக்கம் தொடங்கியது தெரியுமா? 1948. லண்டன் மருத்துவமனையில் போலந்து அகதி டேவிட் டாஸ்மா புற்றுநோயோடு படுத்திருந்தார். பேச்சுத் துணையாக இருந்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற இளம்பெண். இருவரும் பேசியது எதைப் பற்றி? இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்று ஒரு வீடு கட்டுவது பற்றி! டாஸ்மா தன்னிடமிருந்த 500 பவுண்டை அந்த வீட்டின் ஜன்னலுக்காக எழுதிவைத்துவிட்டுப் போனார். வீடு எழும்ப 19 வருடம் ஆயிற்று! அதுதான் 1967-ல் திறக்கப்பட்ட செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ். நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்த சாண்டர்ஸ் இதற்காகவே டாக்டருக்கும் படித்தார்! 2005-ல் அவர் கண்மூடியது எங்கே? தான் கட்டிய அதே ஹாஸ்பிஸில்!

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் உறையூரை மறக்கலாமா?

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். உண்ணாமல், வடக்குப் பார்த்து. நாடு போச்சே, மகன்கள் பகையாகிவிட்டார்களே என்றா பேசிக்கொண்டிருந்தான்? பாண்டிய நாட்டிலிருந்து ஒரு நண்பன் வருவான், அவனுக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான்! அந்த நண்பர் பிசிராந்தையார். இருவரும் அதுவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை! வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். வந்தார்! பக்கத்திலேயே உட்கார்ந்து அவரும் உயிர்விட்டார்!

அதே இடத்தில் பொத்தியார் என்ற புலவரும் கூடவே வடக்கிருக்க வந்தார். அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். காரணம்? புலவரின் மனைவி கர்ப்பமாக இருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு வா என்றான்! தன் சாவுக்கு நடுவில் இன்னொரு வீட்டுப் பிரசவத்தை நினைத்த அரசன். எல்லாம் புறநானூற்றில் இருக்கிறது! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பாரதியார் கடைசியாக மேடையேறிப் பேசிய ஊர்களில் ஒன்று ஈரோடு கருங்கல்பாளையம். தலைப்பைக் கேளுங்கள்: ‘மனிதனுக்கு மரணமில்லை’! ஆண்டு 1921. சில வாரங்களிலேயே, செப்டம்பரில், அவர் மறைந்தார். வயது 38!

மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவன் திடீரென்று சாவு பயம் பிடித்தபோது என்ன செய்தான் தெரியுமா? ஓடவில்லை. டாக்டரைக் கூப்பிடவில்லை. பிணம்போல் தரையில் நீட்டிப் படுத்து, சாவது யார் என்று தன்னைத்தானே கேட்டான்! அது 1896. சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான். அவன்தான் ரமண மகரிஷி!

சாவதற்காகவே அறை எடுத்துத் தங்கும் விடுதி உண்டு! காசியில் 1958-ல் தொடங்கிய முக்தி பவன். தங்குவதற்குக் கெடு இரண்டே வாரம்!

கடைசி நாட்களில் கனவில் யார் வருவார்கள்? அமெரிக்காவின் பஃபலோ நகர ஹாஸ்பிஸில் 59 நோயாளிகளைத் தினமும் கேட்டார்கள். 2014-ல் முடிவு வந்தது. 88 சதவீதம் பேருக்குக் கனவோ காட்சியோ வந்திருக்கிறது! நாள் நெருங்க நெருங்க அதில் அதிகம் வந்தவர்கள், முன்பே இறந்துபோன சொந்தக்காரர்கள். பயந்தார்களா? அந்தக் கனவுகள்தான் மற்றெல்லாவற்றையும்விட அதிக ஆறுதல் தந்தனவாம்! ‘அம்மா வந்து கூப்பிட்டா’ என்று பாட்டி சொன்னால் இனி யாரும் உளறல் என்று சொல்லாதீர்கள்!

பேச்சு நின்றுவிட்டதா? நீங்கள் நிறுத்தாதீர்கள்! கனடாவின் வான்கூவரில் நினைவு தப்பிய நிலையில், கடைசி மணி நேரங்களில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒலிக்கு மூளை பதில் தந்தது! 2020-ல் வெளியான ஆய்வு. கூப்பிட்டுப் பாருங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். காது கேட்டுக்கொண்டிருக்கலாம்!

கனடாக்காரரான டாக்டர் ஹார்வி சோச்சினோவ் ஒரு சிகிச்சையையே கண்டுபிடித்தார். மருந்து? கிடையாது! நோயாளியிடம் ஒரு மணி நேரம்போலப் பேச வேண்டும். எதைச் செய்ததில் பெருமை, பிள்ளைகளுக்கு என்ன சொல்ல ஆசை, இப்படிக் கேள்விகள். பேச்சைத் தட்டச்சு செய்து, சீர்படுத்தி, நோயாளி கையில் கொடுத்துவிடுவார்கள். அது குடும்பத்துக்குச் சொத்து! 100 பேருக்குச் செய்து பார்த்த 2005-ம் ஆண்டு ஆய்வில் திருப்தி என்றவர்கள் 91 சதவீதம். வாழ வேண்டும் என்ற ஆசை கூடியது என்றவர்கள்? 47 சதவீதம்!

‘பாலியேட்டிவ் கேருக்குப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும்.’ யார் சொன்னது? 2010-ல் வெளியான ஆய்வில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பைப் பெற்றவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். பெறாதவர்கள் 8.9 மாதம்! பேச்சு கொடுத்து, வலி குறைத்து, கூடவே இரண்டரை மாதத்துக்கும் மேல் ஆயுள்!

வலி என்றதும் மார்ஃபின் ஞாபகம் வருகிறது. மார்ஃபின் எடுக்கும் அபின் சட்டப்படி பயிராகும் நாடு நம் நாடு. காஜிப்பூர் அபின் ஆலைக்கு வயது 200-ஐத் தாண்டிவிட்டது! ஆனால் 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு என்ன ஆனது? 1997-க்குள் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் விழுந்தது! விளைவது நம் வயலில், துடிப்பது நம் நோயாளி. பயத்தில் டாக்டர்கள் எழுதவில்லை, கடைகள் வைக்கவில்லை. இதை எழுதும்போதே மனம் கொதிக்கிறது. வலியில் துடிப்பவரால் யாரிடம் எதைப் பேச முடியும்?

பாலியம் இந்தியாவும் கூட்டாளிகளும் விடாமல் போராடி, 2014-ல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள்! முன்பு நான்கைந்து உரிமங்கள் வேண்டிய இடத்தில் இப்போது ஒன்று!

உலகம் முழுக்க ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்துகள் 298.5 டன் என்று 2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் கணக்குப் போட்டது. மிக ஏழை நாடுகளுக்குப் போனது எவ்வளவு? 0.1 டன்!

நம் தமிழ்நாட்டில்? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பாலியேட்டிவ் கேரும் சேர்ந்தே வந்தது. சர்க்கரை, பி.பி. மாத்திரையோடு நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே!

காப்பி குடித்துக்கொண்டே சாவைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் போவீர்களா? 2011-ல் லண்டனில் ஜான் அண்டர்வுட் கூப்பிட்டார். கூட்டம் கூடியது! இன்று உலகம் முழுக்க ‘டெத் கஃபே’ கூட்டங்கள். அண்டர்வுட் 2017-ல் எதிர்பாராமல் மறைந்தார். வயது 44!

2010-ல் ‘எக்கனாமிஸ்ட்’ குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் சாவின் தரத்தை அளந்தது. இந்தியா எத்தனையாவது இடம் தெரியுமா? 40! ஆனால் அதே அறிக்கை கேரளத்தைத் தூக்கி வைத்துப் பேசியது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள மாநிலம், நாட்டின் பாலியேட்டிவ் கேரில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றது! கடைசி இடத்து நாட்டுக்குள்ளேயே ஒரு முதலிடம்! 2022-ல் சாவின் மதிப்பைப் பற்றி இன்னொரு லான்செட் ஆணையம் அறிக்கை எழுதியபோதும் உலகத்துக்கு எடுத்துக்காட்டிய இடம் கேரளம்தான்!

உயில் என்றால் வீடு, நிலம், நகை மட்டுமா? எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இந்தக் குழாய் வேண்டாம் என்றும் எழுதிவைக்கலாம்! உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அனுமதி தந்துவிட்டது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதையும் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும்! திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மாவட்டமான கொல்லத்தில், பாரிப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இதைச் சொல்லிக்கொடுக்க 2024-ல் ஒரு கவுண்டரே திறந்துவிட்டார்கள்!

எழுதுவதற்கு நோய் வர வேண்டியதில்லை. நரை விழ வேண்டியதும் இல்லை. தெளிவான மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். வயது? 18 முடிந்திருந்தால் போதும்!